படித்ததை யார் குறித்து வைப்பது?

இரவு பத்து மணிக்கு மேல் திருச்சி மன்னார்புரத்தில் சென்னை ஆம்னி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் கவனியுங்கள். பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, போனில் சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பையனின் டெலிகிராமில், நடப்பு நிகழ்வுகள் சேனல் ஒன்றிலேயே படிக்காத செய்திகள் ஆயிரத்துக்கு மேல் பாக்கி. ஒரே இழுப்பில் அடிவரைக்கும் போகிறான், எண் காலி. கணக்குப்படி அத்தனையும் படித்தாயிற்று!

இந்த எண் மனசைக் குடைகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது என்றெல்லாம் நிறைய எழுதிவிட்டார்கள். என் கவலை வேறு. அந்த எண்ணைக் காட்ட வேண்டுமானால், நான் எதைப் பார்த்தேன், எதை விட்டேன் என்று என் பெயரில் எங்கேயோ ஒரு பேரேடு ஓட வேண்டும். அது யார் கையில்?

ஒரு காலத்தில் நம் கையில் இருந்தது. 1980களில் யூஸ்நெட் என்ற கணினி வழி விவாதக் குழுக்களில் வாசகர் ஒவ்வொருவரும் தன் கணக்கில் ‘நியூஸ்ஆர்சி’ என்ற சின்னக் கோப்பு வைத்திருந்தார். குழுவின் பெயர், பக்கத்தில் 1-2345, 2350 என்று படித்தவற்றின் எண்கள். அவ்வளவுதான். செய்தி தரும் சர்வருக்கு அந்தக் கணக்கு தேவைப்படவே இல்லை. மின்னஞ்சலிலும் பாப் முறையில் கடிதத்தை இறக்கிக்கொண்டால் படித்த அடையாளம் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். 1986இல் பிறந்த ஐமேப் முறை அந்த அடையாளத்தை சர்வருக்குக் கொண்டுபோனது. மன்னார்புரத்தில் போனில் பார்த்த மெயில் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் புதுசாக நிற்காது. வசதிதான், மறுக்கவில்லை.

2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்ததும் பேரேடு உறவினர்கள் முன்னாலும் விரிந்துவிட்டது. “ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சே மாமா, பதிலே காணோம்?” எதிர்ப்பு கிளம்பியதால் அணைக்க வழி வைத்தார்கள், குரூப்புகளுக்கு அது செல்லாது. குரூப்பில் நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் கேளுங்கள்: யார் யார் படித்தார்கள் என்று மணி, நிமிஷத்தோடு வரிசையாக வரும். ஆனால், இதுபோல் நம் கண்ணில் படாத பேரேடுகள்தான் அதிகம்.

நூலகங்கள் இதைவிட நாகரிகமாக நடந்துகொண்டன. அமெரிக்க நூலகர் நீனா பிரௌன் 1895இல் வகுத்த முறை நம் ஊர் வரைக்கும் வந்தது. புத்தகத்தின் பெயர் எழுதிய சிறு அட்டையை உறுப்பினரின் சீட்டுப் பைக்குள் செருகி, தேதி வாரியாக மரத் தட்டில் அடுக்குவார்கள். புத்தகம் திரும்பியதும் அட்டை புத்தகத்துக்குள், சீட்டு நம் கையில். யார் எடுத்தார் என்ற தடயமே மிஞ்சாது. கடைசித் தாளில் ஒட்டிய தேதிச் சீட்டில் ரப்பர் ஸ்டாம்ப் தேதிகள் இருக்கும். எடுத்தவர் பெயர் இருக்காது. காகிதத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார்களோ என்னவோ, நம் அந்தரங்கமும் தப்பித்தது.

2001இல் அமெரிக்காவில் பேட்ரியாட் சட்டம் நூலகப் பதிவுகளையும் கேட்டு வாங்க வழி செய்தபோது, சில நூலகங்கள் பழைய பதிவுகளை முந்திக்கொண்டு அழித்தன. கையில் இல்லாததை யாரும் கேட்டு வாங்க முடியாதே. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டமும் நோக்கம் முடிந்தால் தகவலை அழிக்கச் சொல்கிறது. ஆனால் ‘எதைப் படித்தார்’ என்பதன் நோக்கம் எப்போது முடிகிறது? விளம்பரக்காரரைக் கேட்டால் முடியவே முடியாது என்பார்.

மன்னார்புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் காமராஜர் பெயரில் பெரிய நூலகம் வருகிறது. அங்கே மரத் தட்டு இருக்கப்போவதில்லை, கம்ப்யூட்டர்தான். புத்தகம் திரும்பிய அன்றே எடுத்தவர் பெயர் பதிவிலிருந்து நீங்கிவிடும் என்று உறுப்பினர் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால், கையெழுத்துப் போட முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.