கடலுக்கு அக்கரை எங்கே?

ஓகஸ்ட் விடுமுறை வந்தாலும் எமது பிள்ளைகள் பலருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. தரம் 5 புலமைப்பரிசிலுக்கான வகுப்புகள் தரம் 3 இலேயே ஆரம்பித்துவிடுகின்றன. வகுப்புக்குப் போகாத பெண்பிள்ளையோ தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கின்றாள். இத்தகைய பிள்ளைகளை, 8 முதல் 10 வயது வரையானோரை, விடுமுறையில் ஒரு பகல் வெளியே அழைத்துச் செல்லும் பணியில் சில வருடங்களாக ஈடுபட்டு வருகின்றேன்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாகப் படுவான்கரை. முன்னர் மண்முனையில் பாதைக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. 2014 இல் பாலம் திறக்கப்பட்டதும் அக்கஷ்டம் நீங்கிவிட்டது. இருந்தும் கடலைக் கண்ணால் காணாத பிள்ளைகள் படுவான்கரையில் இன்னும் இருக்கின்றார்கள். பஸ் காசு, கூட்டிச் செல்ல ஆளில்லாமை என்பன ஒருபுறம் இருக்க, பெரியவர்களின் பயமே முக்கிய காரணம்.

இந்நிகழ்வை நாம் ‘முகாம்’ என்று அழைப்பதில்லை. 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து கூடாரங்களில் இருந்த சிறுமிகள்தாம் இன்றைய தாய்மார். முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் “எத்தின நாளைக்கு?” என்றுதான் அவர்கள் கேட்பார்கள். ஆகவே ‘ஒன்றுகூடல்’ என்கின்றோம்.

போவதற்கு முன்னர் ஒவ்வொரு வீட்டுக்கும் செல்வது வழக்கம். ஒரு வீட்டில் அம்மம்மா மறுத்துவிட்டார். அவரது மூத்த மகள் நாவலடியில் வாழ்க்கைப்பட்டவர். 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோய்விட்டது. “கடல் ஒருக்கா எடுத்தது காணும் மகள்” என்றார். இப்படியான மறுப்பை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது படித்தவர்கள் செய்யும் வேலை. நான் வற்புறுத்தவில்லை, “நீங்களும் வாங்க” என்று மட்டும் சொன்னேன். வந்தார். கல்லடிக் கடற்கரையில் கடலுக்கு முதுகு காட்டி, மரநிழலில் அமர்ந்துகொண்டார். பேத்தி சற்றைக்கொருதரம் ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனாள். பத்துப் பன்னிரண்டு தடவைகள் இருக்கும். கடைசியில் அம்மம்மாவே, “தண்ணி உப்பா எண்டு பாத்தியா?” என்று கேட்டார்.

இன்னொரு சிறுவன் வெகுநேரம் கடலையே பார்த்து நின்றான். பிறகு, “இதுக்குப் படுவான்கரை எங்க மிஸ்?” என்றான். வாவியோடு வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் அக்கரை இருந்தாக வேண்டும் அல்லவா! நேர்கிழக்கே போனால் நிக்கோபார் தீவுகள், அதற்குத் தென்கிழக்கே சுமாத்திரா என்று மணலில் கீறிக் காட்டினேன். அந்தச் சுமாத்திராப் பக்கத்துக் கடலடியில் நிலம் அதிர்ந்துதான் 2004 இல் அலை கிளம்பியது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எமது கரையைத் தொட்டது. கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுப்பக்கம் ஓட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுத்தோம். மரத்தடியில் இருந்த அம்மம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் அதிக கவனத்துக்குரிய பிள்ளை பயப்படும் பிள்ளையல்ல. குளத்தில் நன்றாக நீந்தப் பழகிய பிள்ளைதான். குளம் இழுக்காது, கடல் இழுக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க எவரையும் நாம் அனுமதிப்பதில்லை. முகத்துவாரத்துக்கும் போவோம், 1913 இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டைப் பார்ப்போம். ஆனால் வாவி கடலோடு கலக்கும் அவ்விடத்தில் கால் நனைக்கக்கூட விடுவதில்லை. 42 பிள்ளைகளுக்கு நாம் ஆறு பேர். ஒருவருக்கு ஏழு பிள்ளைகள். அந்த ஏழு பேரின் பெயரும் முகமும் பஸ் ஏறுமுன்னரே அவருக்குப் பாடமாகியிருக்க வேண்டும்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது நான் முதலில் தேடுவது மலசலகூடம். அழகெல்லாம் பிறகுதான். ஓகஸ்டில் கச்சான் காற்று அனலாக வீசும். (அதே பெயருள்ள கச்சான் கொட்டை வாங்கவே பிள்ளைகள் காசு கொண்டுவருவார்கள்.) அந்த வெக்கையிலும் பெண்பிள்ளைகள் சிலர் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதில்லை, வெளியிடத்தில் மலசலகூடம் போகக் கூச்சம். பின்னேரம் தலையிடி, வாந்தி. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். எனவே போய்ச் சேர்ந்ததும், பெண் உதவியாளர் ஒருவர் சிறுமிகளை இருவர் மூவராக அழைத்துச் சென்று இடத்தைக் காட்டிவிடுவார். அதன்பின் தண்ணீர்ப் போத்தல் தானாகக் காலியாகும்.

சாப்பாட்டு நேரத்திலும் கண் வைத்திருக்க வேண்டும. பாதிச் சோற்றோடு பார்சலை மடித்துப் பைக்குள் வைத்த பிள்ளையிடம் “ஏன் மீதம் வைத்தாய்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்கக்கூடாது. அது வீட்டிலிருக்கும் தங்கைக்கு. பின்னேரத்துக்குள் சோறு பழுதாகிவிடும் என்பதால், வீட்டுக்குக் கொண்டுபோகவென்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பிஸ்கட் பைக்கற்று கொடுக்கின்றோம்.

தாய்மார் எம்மிடம் கேள்வி கேட்கத் தயங்குகின்றார்கள். கேளுங்கள். யார் கூட வருகின்றார்கள், பெண்கள் எத்தனை பேர், பிள்ளையோடு எவராவது தனித்து இருக்க நேருமா, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்றெல்லாம் கேட்பது உங்கள் உரிமை. எங்கே போய்வந்தாலும், பிள்ளை சொல்வது உங்களுக்குச் சந்தேகத்தைத் தந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

பத்து வயதுப் பெண்பிள்ளைகளின் வீடுகளில்தான் எமக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. “வாற வருசம் பெரியபிள்ளையாகிருவாள், இனி அனுப்ப ஏலா” என்கின்றார்கள். அப்படியானால் தாயும் கூட வரட்டும் என்று இம்முறை பஸ்ஸில் ஆறு இருக்கைகளை ஒதுக்கியிருக்கின்றோம். இதுவரை மூவர் பெயர் தந்துள்ளார்கள்.