வைஃபையைத் தேர்ந்தெடுப்பது யார்?

மடிக்கணினியைத் திறந்த சில நொடிகளில் வைஃபை தானாகவே இணைந்துவிடுவதால், அந்த இணைப்பை முடிவு செய்வது ரூட்டர்தான் என்று பலரும் எண்ணுகின்றனர்; உண்மையில் அம்முடிவு பெரும்பாலும் கணினியுடையது. 1997இல் வெளியான ஐஇஇஇ 802.11 என்னும் தரநிலை, கருவியும் ரூட்டரும் எவ்வாறு பேசிக்கொள்ள வேண்டும் என்பதை நுணுக்கமாக வகுத்ததே தவிர, கண்ணில் படும் பல வலையமைப்புகளுள் எதைப் பற்ற வேண்டும் என்பதைக் கருவியைச் செய்வோரிடமே விட்டுவிட்டது. ஒரே மேசையில் உள்ள செல்பேசியும் மடிக்கணினியும் வெவ்வேறு இணைப்புகளில் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு ரூட்டரும் தன் பெயரையும் பாதுகாப்பு முறையையும் தாங்கிய ‘பீக்கன்’ என்னும் சிறு அறிவிப்பை நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை அனுப்புகிறது. கணினி, சேனல் எனப்படும் அலைத்தடங்கள் ஒவ்வொன்றிலும் சற்று நின்று இந்த அறிவிப்புகளைக் கேட்கிறது அல்லது தானே வினவி விடை பெறுகிறது.

இவ்வாறு கிடைத்த பட்டியலில் கணினி முதலில் தேடுவது வலுவான சிக்னலை அன்று, முன்பே பழகிய பெயரை. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இயங்கும் நெட்வொர்க்மேனேஜர் என்னும் மென்பொருள், சேமித்த ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு முன்னுரிமை எண்ணை வைத்துக்கொண்டு, எண் பெரியதாக உள்ளதை முதலில் முயல்கிறது. பயனர் மாற்றாதவரை எல்லா எண்ணும் 0 என்பதால், கடைசியாகப் பயன்படுத்திய இணைப்பே வெல்கிறது.

கல்லூரி, மருத்துவமனை போன்ற இடங்களில் ஒரே பெயரைப் பல ரூட்டர் பெட்டிகள் அறிவிக்கும்போது சிக்னலின் வலிமை முதன்மை பெறுகிறது. இவ்வலிமை டெசிபல் கணக்கில் எதிர்க்குறி எண்ணாகக் குறிக்கப்படுகிறது. மைனஸ் 50க்கும் மைனஸ் 70க்கும் இடையே ஆற்றலில் நூறு மடங்கு வேறுபாடு உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினி, மைனஸ் 75க்குக் கீழே சிக்னல் இறங்கிய பின்னரே வேறு பெட்டியைத் தேடத் தொடங்கி, புதியது 12 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் தாவுகிறது. இது பிடிவாதமாகத் தோன்றினாலும், இந்த இடைவெளி இல்லையெனில், இரு பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்தவரின் கணினி ஓயாமல் மாறி மாறித் தாவி, காணொளி உரையாடலை நொடிக்கு நொடி அறுத்துக்கொண்டே இருக்கும்.

பழகிய பெயரை நம்பும் இவ்வியல்பில் ஓர் அபாயமும் உள்ளது. கடவுச்சொல் உள்ள வலையமைப்பில் ரூட்டரும் அச்சொல்லை அறிந்திருப்பதை மெய்ப்பித்தாக வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத பொது வைஃபையிலோ பெயர் ஒன்றே அடையாளமாதலால், தீய நோக்குடைய எவரும் அதே பெயரை வைத்துக் கணினியைத் தம்பக்கம் இழுத்துவிட முடியும். ஆகவே அத்தகைய இணைப்புகளுக்குத் ‘தானாக இணை’ என்னும் தெரிவை நீக்கிவிடுவதே நன்று. பாதுகாப்பு கருதிச் சிலர் ரூட்டரின் பெயரை மறைத்து வைப்பதும் எதிர்விளைவையே தருகிறது. பீக்கனில் பெயர் இல்லாததால், அதைத் தேடும் கணினி, செல்லுமிடமெல்லாம் அப்பெயரைத் தானே சொல்லி அழைக்க நேர்கிறது.