சரளைப் பாதையும் பழைய மோட்டார் வண்டியும்

பழைய மோட்டார் வண்டியொன்றைச் சரளைப் பாதைப் பந்தயத்துக்கு ஏற்றதாக்க முயலும் பொழுதுபோக்காளர் பலர் முதற்கண் எஞ்சினையே நாடுவர். ஆயின், அங்கு வேகத்தினும் உறுதியே முதன்மையானது.

1975ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் வடிவப் போர்ட் எஸ்கோட் இதற்குத் தக்க சான்றாகும். பின்சில்லுகளால் உந்தப்படும் இவ்வண்டி அமைப்பில் எளியது; ஆதலின் பிரித்தானியக் காட்டுப்பாதைகளில் இன்றும் ஓடுகின்றது.

முதலில் உட்பொருள்கள் யாவும் அகற்றப்படும். துருவேறிய தகடுகள் வெட்டி நீக்கப்படும். இணைப்பு விளிம்புகள் உருக்கி ஒட்டப்படும். பின்னர் உருக்குக் குழாய்களாலான பாதுகாப்புக் கூடு உடலோடு பிணைக்கப்படும். வண்டி குடைசாயின் கூரை நசுங்காது காப்பதும், உடல் முறுகாது தடுப்பதும் இக்கூடே. எண்ணெய்த் தொட்டியைக் கற்கள் உடைக்காவண்ணம் அடியில் தடித்த தகடு பொருத்தப்படும். அதே காரணத்தால் பிறேக் குழாய்களும் பெற்றோல் குழாய்களும் வண்டியின் உட்புறத்துக்கு மாற்றப்படும். ரயர்கள் ஒடுங்கியனவாயிருத்தல் நன்று. அகன்ற ரயர் தளர்ந்த கற்களின்மேல் மிதக்கும். ஒடுங்கியதோ அவற்றை ஊடறுத்து அடித்தரையைப் பற்றும்.

இவை நிறைவேறிய பின்னரே எஞ்சினின் வலுவைக் கூட்டுதல் பொருந்தும்.

போர்ட் நிறுவனம் 1979இன் முடிவில் தன் பந்தயக் குழுவை விலக்கிக்கொண்டது. எனினும், 1981இல் பின்லாந்தினரான ஆரி வத்தனென், தனியார் குழுவொன்றின் எஸ்கோட்டைச் செலுத்தியே உலகப் பட்டத்தை வென்றார். அவரருகிலிருந்து வழிக்குறிப்பு வாசித்தவர் டேவிட் றிச்சாட்ஸ். அவ்வாசனத்தில் அமரும் எவரும் தம் உயிரை வண்டியை ஆக்கியோனின் கைத்திறனிடம் ஒப்படைக்கின்றனர். எனவே, கூட்டின் ஒவ்வோர் ஒட்டும் அந்நம்பிக்கைக்கு ஈடுசெய்வதாய் அமைதல் வேண்டும்.