மக்காச்சோளத்தில் படைப்புழு, போனில் ரீசார்ஜ் இல்லை!

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, கரிசல் மண்ணில் மானாவாரி மக்காச்சோளம் போட்டிருந்த விவசாயி ஒருவரை ஐப்பசிக் கடைசியில் பார்த்தேன். 25 நாள் பயிர். குருத்தெல்லாம் கந்தலாகிக் கிடந்தது. "பத்து நாளைக்கு முன்னாடியே படைப்புழு வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போட்டோமே, பார்க்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு சார். யூரியாவே கடனுக்குத்தான் வாங்கியிருக்கேன், போனுக்கு எங்க போக?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, ஜியோவில் 239 ரூபாயாக இருந்த தினம் 1.5 ஜிபி திட்டம் 299 ரூபாய் ஆனது. 28 நாள் கணக்கு என்பதால் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டும். அதாவது 3,887 ரூபாய், மாதத்துக்கு 324. வீட்டில் இரண்டு போன் இருந்தால் 648. நபார்டு வங்கியின் 2021-22 கணக்கெடுப்புப்படி நாட்டில் விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 13,661 ரூபாய். அதில் கிட்டத்தட்ட 5 சதவீதம் போனுக்கே போகிறது. அடிப்படை இணையச் செலவு தனிநபர் வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் வைத்த இலக்கு.

சராசரியைவிடப் பெரிய சிக்கல், பணம் இல்லாத மாதம் எது என்பதுதான். மானாவாரிக்காரர் கையில் காசு தட்டுப்படுவது புரட்டாசி, ஐப்பசியில். விதை, உரம், உழவு என்று எல்லாச் செலவும் அப்போதுதான். மழை முன்னறிவிப்பும் பூச்சி எச்சரிக்கையும் அதிகம் தேவைப்படுவதும் அதே மாதங்களில்தான்.

வீட்டுக்கே பைபர் இணைப்பு எடுக்கலாமே என்பீர்கள். 399 ரூபாய் என்று விளம்பரத்தில் இருக்கும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 471 ஆகிவிடும். ஊரகத்தில் தரைவழி பிராட்பேண்ட் கட்டணத்தில் பாதியை, மாதம் 200 ரூபாய் வரை, திருப்பித் தரும் திட்டத்தைச் சோதனை முறையில் நடத்திப் பார்க்கலாம் என்று 2021 ஆகஸ்டிலேயே டிராய் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் பைபர் கொண்டுபோவதுதான் பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி, மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்குள் நுழையாது.

அதுவரை என்ன செய்யலாம்? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பால்கோவா ஊர் என்பதால் கறவை மாட்டுக்குக் குறைவில்லை. பால் சங்கத்துக்குக் காலையும் மாலையும் எப்படியும் போகிறீர்கள். அங்கே ஒரு பிராட்பேண்ட் இணைப்பு எடுத்து, 2020 டிசம்பரில் மத்திய அரசு அனுமதித்த பிஎம்-வாணி முறையில் வைஃபை வைக்கலாம். இதற்கு லைசென்ஸோ பதிவோ தேவையில்லை, டீக்கடைக்காரர்கூட வைக்கலாம். பாலை ஊற்றிவிட்டு நிற்கும் பத்து நிமிடத்தில் வீடியோவை இறக்கிக்கொள்ளலாம். உங்கள் சங்கத்திலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலோ கேட்டுப் பாருங்கள்.

விரிவாக்க அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. 28 நாளுக்கு 2 ஜிபி தரும் மலிவுத் திட்டத்தில் இருப்பவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 70 எம்பிதான். நாம் ஆசையாக எடுத்து அனுப்பும் ஒரு நீள வீடியோ அதைத் தின்றுவிடும். மருந்தின் பெயர், அளவு, அடிக்க வேண்டிய நாள் மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். புழுவின் படம் ஒன்று போதும். டேட்டா இல்லாதவருக்குச் சாதாரண எஸ்எம்எஸ் அனுப்புங்கள். நானும் இதை இப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

டேட்டா வேண்டாம் என்றால், பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் தர வேண்டும் என 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. கடையில் கேட்டு வாங்குங்கள். கிசான் கால் சென்டருக்கு (1800-180-1551) காலை 6 முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

மக்காச்சோளக்காரர்கள் ரீசார்ஜ் தேதியைப் பயிரோடு சேர்த்து யோசியுங்கள். படைப்புழுவுக்கு மருந்தடிக்க வேண்டிய முக்கியக் கட்டங்கள் விதைத்த 15-20 நாளிலும் 40-45 நாளிலும் வருகின்றன. ஒரு ரீசார்ஜுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் விதைத்த 15ஆம் நாள் போடுங்கள். 42ஆம் நாள் வரை வரும்.