ஹிர்ஸ்: ஏமன் வெள்ளியில் ஒரு காவல்

ஏமன் நாட்டின் பழைய வெள்ளி மாலைகளில் நடுநாயகமாகத் தொங்குவது ‘ஹிர்ஸ்’ என்னும் தாயத்துப் பேழை. சில நீள்சதுரப் பெட்டிகள். சில இருமுனையும் மூடிய உருளைகள். ஆயத்துல் குர்ஸி போன்ற குர்ஆன் வசனம் எழுதிய காகிதத்தை மடித்து உள்ளே வைப்பார்கள். கீழ்விளிம்பில் சின்னச் சலங்கைகள். அவற்றின் ஓசை ஜின்னையும் கண்ணேற்றையும் அண்டவிடாது என்பது நம்பிக்கை. தாயத்தே கூடாது என்ற மார்க்க அறிஞர்களும் உண்டு. குர்ஆன் வசனம் மட்டும் இருந்தால் தடையில்லை என்றவர்களும் உண்டு.

வெள்ளி பெரும்பாலும் ஆஸ்திரியாவிலிருந்து வந்தது, மரியா தெரேசா தாலர் நாணயமாக. அரசி 1780-இல் இறந்த பின்னும் அதே ஆண்டைப் பொறித்தே காசு அடித்தார்கள். எடை 28 கிராமுக்குச் சற்று மேல். ஆயிரத்தில் 833 பங்கு வெள்ளி. தரம் மாறாததால், காப்பி வணிகத்தோடு வந்த அந்தக் காசைத் தட்டார்கள் நம்பி உருக்கினார்கள்.

பேழையின் முகப்பில் கடுகளவு மணிகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். வெள்ளிக் கம்பியைப் பொடியாக நறுக்கிக் கரியின்மேல் காய்ச்சினால், உருகும் துணுக்கு பரப்பு இழுவிசையால் தானே உருண்டுகொள்ளும். சிரமம் அதற்குப் பிறகுதான். மணிகளையும் முறுக்குக் கம்பியையும் தகட்டில் அடுக்கி, வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊத வேண்டும். பொடி என்பது வெள்ளிக்கு முன்பே உருகிவிடும் உலோகக் கலவை. சூடு கொஞ்சம் மிஞ்சினாலும் மணி, கம்பி, தகடு எல்லாம் ஒன்றாக இளகிவிடும். தேர்ந்த வேலையில் மணியின் அடி மட்டுமே பற்றியிருக்கும், உருண்டை கெட்டிருக்காது.

இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். குர்ஆன் வசனத்துக்கான பேழையை யூதத் தட்டார் இத்தனை சிரத்தையோடு இழைத்துக் கொடுத்ததுதான் இந்தக் கலையில் என்னை மிகவும் நெகிழ வைப்பது. பவ்சானி, பதீஹி என்ற தட்டார் குடும்பப் பெயர்களை இன்றும் சேகரிப்பாளர்கள் மதிப்போடு சொல்கிறார்கள். 1949–50-இல் ஏறத்தாழ 49,000 யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குக் கிளம்பினார்கள். தொழிலை முஸ்லிம்களுக்குக் கற்றுக்கொடுத்த பிறகே போகலாம் என்று ஏமனை ஆண்ட இமாம் அஹ்மத் நிபந்தனை விதித்தார். ஆனால் தலைமுறைகளாகத் தேறிய கையை அவசரப் பாடத்தில் கொடுத்துவிட முடியுமா?

பழைய பேழைகளும் அரிதாயின, அதற்குக் காரணம் வேறு. நகை பெண்ணின் சொந்தச் சொத்து. அவள் காலத்துக்குப் பின் பலவும் மூசைக்குள் போயின. தப்பியது ஒன்று கிடைத்தால் பளபளக்கத் தேய்க்க வேண்டாம். இடுக்குகளில் படிந்த கருமைதான் மணி வரிசைகளை எடுத்துக் காட்டுகிறது. தேய்க்கத் தேய்க்க மணிகளும் மழுங்கும்.