வரி ஏடும் வருமான ஏற்றத்தாழ்வும்

சிம்பாங் அம்பாட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தொழிலாளியின் பெயரை வருமான வரி ஏட்டில் தேடுவது வீண் வேலை. மலாயாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி 1948இல் இவ்வரி நடைமுறைக்கு வந்தபொழுது, அவன் கூலி வரி விதிப்பு எல்லைக்கு மிகத் தாழ்ந்து கிடந்தது. அங்ஙனமாயின், ஏழையின் பெயரே காணாத ஏட்டைக் கொண்டு ஏற்றத்தாழ்வை அளப்பது எவ்வாறு?

சைமன் குஸ்நெட்ஸ் என்னும் பொருளியலறிஞர் 1953இல் அமெரிக்க வரி ஏடுகளைக் கொண்டு ஒரு வழி காட்டினார். செல்வர் பெற்ற வருமானத்தை வரி ஏட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மக்கள் எத்தனை பேர் என்பதைக் குடிமதிப்பும், எல்லாரும் சேர்ந்து ஈட்டியது எவ்வளவு என்பதை நாட்டு வருமானக் கணக்கும் சொல்லும். ஓர் ஊரில் ஆயிரம் பேர் என்றும், அவர்தம் மொத்த வருமானம் பத்து இலட்சம் வெள்ளி என்றும் கொள்வோம். முதற் பத்துப் பேர் மட்டும் 1,20,000 வெள்ளி பெற்றால், உச்சியிலுள்ள நூற்றுக்கு ஒருவரின் பங்கு 12 விழுக்காடு. தொழிலாளி இப்பின்னத்தின் தொகுதியில் இல்லை, பகுதியில் இருக்கின்றான். ஏட்டில் இல்லாதவனும் கணக்கில் வந்துவிடுகின்றான் என்பதே இம்முறையின் நுட்பம்.

இந்தியாவில் நெடுங்காலம் வரி கட்டியோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைத் தாண்டவில்லை. எனினும் 1922 முதல் 2000 வரையுள்ள ஏடுகளை ஆராய்ந்து, அபிஜித் பானர்ஜியும் தாமஸ் பிக்கெட்டியும் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உச்சி ஒரு விழுக்காட்டினரின் பங்கு 1950களில் ஏறத்தாழ 12, 13 விழுக்காடாக இருந்து, 1980களின் தொடக்கத்தில் 4, 5 ஆகக் குறைந்து, 1990களின் இறுதியில் 9, 10 ஆக உயர்ந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவ்விறக்கத்தை அப்படியே நம்பலாமா? 1973-74இல் மிக உயர்ந்த வரி விகிதம் 97.75 விழுக்காடு. நூறில் தொண்ணூற்றேழுக்கு மேல் அரசுக்குப் போகுமெனில், மறைக்க எண்ணாதார் எத்தனை பேர்! வேளாண் வருமானத்திற்கோ மைய அரசின் வரியே இல்லை. ஆதலின் பெருநிலக்கிழார் பலர் ஏட்டிற்கு வெளியே நின்றனர். சம்பளத்தை மறைத்தல் அரிது. ஆகவே சம்பள வருமானத்தைத் தனியே பிரித்து ஒப்பிடுவது ஒரு காப்பு.

ஏடே வெளிவராமற் போவது இவற்றினும் பெரிய இடையூறு. 1999-2000க்குப் பின் இந்திய அரசு இப்புள்ளிவிவரங்களை வெளியிடுவதை நிறுத்தி, 2016இல்தான் மீண்டும் தொடங்கியது. பொருளாதாரம் வேகமாக வளர்ந்த காலத்திலேயே அளவுகோல் கைக்கெட்டாமற் போயிற்று.

மலேசியாவில் குடும்ப வருமான ஆய்வே பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. வீடுவீடாகச் சென்று வினவும் அம்முறையில் பெருஞ்செல்வர் அகப்படுவது குறைவு. முகமது அப்துல் காலிதும் லி யாங்கும் 2019இல் அவ்வாய்வோடு வரித் தரவையும் நாட்டுக் கணக்கையும் இணைத்து ஆராய்ந்தனர். ஆயினும் 2008இல் வந்த ஒற்றையடுக்கு முறையில் பங்காதாயத்திற்குத் தனிமனிதர் வரி கட்ட வேண்டியதில்லை என்றாயிற்று. 2025ஆம் மதிப்பீட்டாண்டு முதல், ஓராண்டில் 1,00,000 ரிங்கிட்டிற்கு மேற்படும் பங்காதாயத்திற்கு 2 விழுக்காடு வரி உண்டு. வரித்தொகை சிறிதே, ஆனால் அவ்வருமானம் மீண்டும் ஏட்டில் ஏறுகின்றது.