பொம்மை ரயிலும் மூன்று மில்லிமீட்டரும்

காட்டுமன்னார்கோயிலுக்கு ரயில் கிடையாது. வீராணம் ஏரி இருக்கிறது, பெருமாள் கோயில் இருக்கிறது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறிச் சுமார் 25 கிலோமீட்டர் சென்று சிதம்பரம் ஸ்டேஷனில்தான் நிற்க வேண்டும். இல்லாத வஸ்துவின் மேல்தான் பிள்ளைகளுக்கு மோகம் அதிகம் அல்லவா? என் வகுப்புப் பையன்கள் சிலர் விடுமுறையில் ஒரு சிறு மாதிரி ரயில் அமைத்தார்கள். எஞ்சின் ஓரிடத்தில் வாங்கியது. வண்டிகள் வேறிடத்தில் வாங்கியவை. நேர்ப் பாதையில் யாதொரு குறையுமின்றி ஓடின. லைன் இரண்டாகப் பிரியும் இடத்தில் மாத்திரம் ஒரு வண்டி தவறாமல் கவிழ்ந்தது.

"சார், தண்டவாளம் கோணல்!" என்றான் ஒருவன்.

கோணல் தண்டவாளத்தில் இல்லை, சக்கரத்தில் இருந்தது. அந்தப் பாதையின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதில் ஓடும் ஜோடிச் சக்கரங்களின் உட்புறங்களுக்கிடையே சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கவிழ்ந்த வண்டியில் அரை மில்லிமீட்டர் குறைவு. லைன் பிரியும் இடத்தில் சக்கரம் வழி தவறாதிருக்க உட்பக்கமாகக் குட்டைத் தண்டவாளம் ஒன்று போட்டிருப்பார்கள். செக் ரெயில் என்று பெயர். சக்கரங்கள் நெருங்கியிருந்தால் அதன் மேல் ஏறிவிடும்; விலகியிருந்தால் பிரியும் முனையில் போய் மோதும். பெரிய ரயிலிலும் இதே கதைதான். நமது பிராட் கேஜ் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். சக்கரங்களின் உட்புற இடைவெளி 1600.

விளையாட்டு ரயிலில் இந்தப் பொருத்தம் எளிதில் ஏற்பட்டுவிடவில்லை. ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனியார் 1891இல் லைப்சிக் சந்தையில், ஒன்று, இரண்டு, மூன்று என இலக்கமிட்ட பாதை அகலங்களை வெளியிட்டார்கள். ஆனால் பாதையின் அகலத்தை மட்டும் நிர்ணயித்தால் போதுமா? சக்கரத்தின் பருமனும் விளிம்பின் ஆழமும் ஆளுக்கொரு விதம். ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் பாதையில் ஓடாது. அமெரிக்காவில் 1935இல் தோன்றிய தேசிய மாதிரி ரயில்வே சங்கத்தார், சக்கரம், பாதை, செக் ரெயில் மூன்றுக்கும் சேர்த்து அளவு விதித்தார்கள். ஐரோப்பியச் சங்கங்கள் 1954இல் மோரோப் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டு தமக்கென விதிகள் வகுத்தன.

இவ்விதிகளில் ஒரு சுவையான சமாதானம் உண்டு. அசல் சக்கரத்தின் விளிம்பை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பாகம்தான் வரும். அவ்வளவு மெல்லிய விளிம்பு மேஜை மேல் போட்ட பாதையில் நிற்காது. ஆகவே அமெரிக்கர் 0.64 மில்லிமீட்டர் என்று ஏறக்குறைய இரட்டிப்பாக வைத்தார்கள். உண்மைக்குக் கொஞ்சம் துரோகம் செய்தால்தான் ரயில் ஓடுகிறது!

இங்கிலாந்துக்காரர் செய்த சமாதானம் இன்னும் பெரிது. அவர்கள் நாட்டு எஞ்சின் உருவத்தில் சிறியது. மோட்டாரோ அதற்குள் அடங்கவில்லை. எனவே உடலை 76இல் ஒரு பங்காகப் பெரிதாக்கி, பாதையை 16.5 மில்லிமீட்டராகவே விட்டுவிட்டார்கள். கணக்குப்படி 18.83 இருக்க வேண்டும்.

நம் கதி என்ன? 16.5 மில்லிமீட்டரை 87ஆல் பெருக்கினால் 1435 வருகிறது. அது ஐரோப்பாவின் பாதை. நமது பிராட் கேஜை அதே விகிதத்தில் சுருக்கினால் 19.3 வர வேண்டும். கடையில் வாங்கிய பாதையில் நம் ரயில் பெட்டியை ஏற்றினால், அகன்ற உடலுக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர் குறுகிய கால்கள்! பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கண்ணால் கண்டு கற்பதற்காகச் செய்யும் மாதிரி, கண்ணையே ஏமாற்றலாமா என்றுதான் கேட்கிறேன்.

பையன்கள் கண்டுபிடித்த வழி எனக்குத் தோன்றியதல்ல. அதைச் சொல்லுமுன் நம் பக்கத்துப் பழங்கதை கொஞ்சம் வேண்டும். 1861, 62 வருஷங்களில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்ட லைன் அகலப் பாதைதான். 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு காலத்தில், செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் தீர்மானமாயிற்று. நாட்டுக்கே மீட்டர் அளவு வரப்போகிறது என்று அப்போது எண்ணியிருந்தார்கள். அளவு வந்துசேர 1950களின் பிற்பகுதி ஆயிற்று, பாதை மட்டும் முந்திக்கொண்டது! நாகை லைனை 1870களிலேயே குறுக்கினார்கள். சிதம்பரம் லைன் பிறந்ததே மீட்டர் கேஜாகத்தான். விழுப்புரம் – மயிலாடுதுறைப் பகுதி அகலமானது 2010இல்.

"சார், மீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. கடையில் 12 மில்லிமீட்டர் பாதை கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர்தானே பிழை?" என்றான் அதே பையன்.

ஆகவே இப்போது பழைய சிதம்பரம் ஸ்டேஷன் அட்டையில் எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டுகிறவர்கள் அந்த லைன் மறைந்தபின் பிறந்தவர்கள். பௌதிக சாலையின் வெர்னியர் காலிப்பர் அவர்களிடம் இருக்கிறது. அளக்காமல் ஒரு சக்கரத்தையும் பாதையில் வைப்பதில்லை. போன வாரம் ஒருவனுடைய தாத்தா வந்து குனிந்து பார்த்துவிட்டு, "எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டி எங்கே, தம்பி?" என்று கேட்டார். அதற்கு இன்னும் அளவெடுக்கவில்லை.